ஆதிநாராயணன் பெண்டாட்டியை மன்னித்த கதை

வருஷத்தில் ஒரே ஒரு நாள் ஆதிநாராயணன் வரிசையில் கடைசி ஆளாக நிற்பார். ரேஷன் கடையிலும் மின்சார ரயிலிலும் முண்டியடிக்கத் தெரிந்த மனிதர்தான். ஆனால் கம்பெனியில் கண் பரிசோதனை நடக்கிற அன்றைக்கு மட்டும் “நீ போப்பா, நீ போப்பா” என்று எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கிக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு என்ன தங்கமான மனுஷன் என்று தோன்றும். தங்கமாவது பித்தளையாவது! முன்னால் போகிறவர்கள் உள்ளே வாய்விட்டுச் சொல்லும் எண்களைக் காதால் பொறுக்கிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

பரிசோதிக்க வருகிறவரிடம் ஒரு புத்தகம் இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் பொடிப் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு அந்தப் புள்ளிகளுக்குள் ஒரு எண் எழுந்து நிற்கும். ஆதிநாராயணன் கண்ணுக்குப் பாதிப் பக்கங்களில் ஒன்றுமே தெரியாது, மீதியில் தப்பான எண் தெரியும். எட்டு இருக்கிற இடத்தில் மூன்று. எழுபத்து நாலு இருக்கிற இடத்தில் இருபத்தொன்று. நல்ல வேளையாக வருஷா வருஷம் வந்தது ஒரே புத்தகம், பக்கத்தைத் திருப்புவதும் ஒரே வரிசை. பன்னிரண்டு, எட்டு, ஆறு, இருபத்தொன்பது என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்து, இருபத்தாறு வருஷமாக ‘பார்வையில் குறையில்லை’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

அவர் பார்த்த வேலை எது தெரியுமா? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் எலக்ட்ரீசியன். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, பச்சை என்று ஒயரை நிறத்தால் பிரித்துப் பிழைக்கிற தொழிலுக்கு நிறம் தெரியாத ஆள். அதனாலேயே டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எந்த ஒயரிலும் கை வைக்க மாட்டார், ஒவ்வொரு முனையிலும் டேப்பைச் சுற்றி எண் எழுதி வைப்பார். “ஆதியண்ணன் கை வச்ச பேனல்ல நான் கண்ண மூடிகினு வேல செய்வேன்” என்று கூட வேலை பார்த்த எபினேசர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். குறையை மறைக்கக் கற்றுக்கொண்ட வித்தையே அவருக்கு நல்ல பெயராகிப் போனது.

பெண்டாட்டி ஜோதிலட்சுமிக்குக்கூட இது தெரியாது. ஜோதி அவருடைய சொந்த அக்கா மகள். அவள் பிறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. “பொண்ண வெளியில குடுத்துட்டு நான் எங்க போயி தேடறது, என் தம்பியே கட்டிக்கட்டும்” என்று அக்கா ஒரே பிடியாக நின்று முடித்து வைத்த கல்யாணம். அந்த அக்கா இப்போது இல்லை. கவரைப்பேட்டையில் ரயில்வே கேட்டைத் தாண்டி இரண்டு அறை வீடு, ஒரே பெண் பூமிகா. ஜோதி வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். நூல் வாங்கிவரச் சொன்னால் ஆதிநாராயணன் துணித் துண்டைக் கடைக்காரனிடம் நீட்டி “இதுக்கு மேட்சா குடு” என்பாரே தவிர, வாயால் நிறம் சொல்ல மாட்டார். எந்தப் புடவை கட்டி வந்து நின்றாலும் “ஜோரா கீது ஜோதி” என்பார். அவளும் பூரித்துப்போவாள்.

கதைக்கு வருகிறேன். பூமிகா ப்ளஸ் டூவில் உயிரியல் எடுத்துப் படித்து, அப்புறம் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் ஒயரிங் பிரிவில் வேலை கிடைத்துவிட்டது, மருத்துவப் பரிசோதனை மட்டும்தான் பாக்கி. போன பெண் சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். ஆதிநாராயணன் தரையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜோதி தையல் மெஷினை நிறுத்தினாள்.

“இன்னாடி ஆச்சு?”

“கலர் டெஸ்ட்ல பெயிலும்மா. சிவப்பு பச்ச எனக்கு சரியா தெரியலையாம். வேல இல்லன்னுட்டாங்க.”

ஆதிநாராயணன் பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தார். அவருக்கு இது முழுக்கப் புதிசும் அல்ல. இரண்டாம் வகுப்பில் பூமிகா ஒரு மரம் வரைந்து இலைக்கெல்லாம் பழுப்பு அடித்துக்கொண்டு வந்தாள். டீச்சர் பெரிதாக ஒரு தப்பு போட்டிருந்தார். அவர் அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் என்ன தப்பு என்று அவருக்குத் தெரியவே இல்லை. அன்றைக்கே லேசாக உறைத்தது. இருக்காது, இருக்காது என்று மனசை அடக்கிவிட்டார்.

“பொண்ணுங்களுக்கு இது வரதே அபூர்வம்னு டெஸ்ட் எடுத்த ஹெலன் டாக்டர் சொன்னாங்க” என்றாள் பூமிகா. “அம்மா வழியிலயும் வரணும், அப்பா வழியிலயும் வரணுமாம். அம்மாவுக்கு உள்ளுக்குள்ள ஒளிஞ்சிகினு இருந்தாலும் இருக்கும், அவங்க கண்ணுல ஒண்ணும் தெரியாதாம். ஆனா அப்பாவுக்கு வெளிப்படையா இருந்தே ஆவணுமாம். ஏம்பா, உனக்கு கலர் தெரியாதா?”

ஒரு வார்த்தை. ஆமாம் என்ற ஒரே ஒரு வார்த்தை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

“எனக்கா? எனக்கு இன்னா?” என்றார் ஆதிநாராயணன். “நான் வருஷா வருஷம் பாஸ் பண்றவன். எலக்ட்ரீசியனாண்ட வந்து கேக்கற கேள்வியா இது?”

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால் சொல்வதற்கென்று இருபத்தாறு வருஷமாக நாக்கின் நுனியில் வைத்திருந்த பதில் அது, கேட்டது யார் என்று பார்க்காமலே வெளியே வந்து விழுந்துவிட்டது. மகளின் கண் தன் கண்தான் என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அந்தப் பதிலால் மகளைத் தன்னிடமிருந்து தானே அறுத்துவிட்டதும், பெண்டாட்டி தலையில் சேற்றை வாரிக் கொட்டியதும் அந்த நிமிஷம் அவருக்குப் புரியவில்லை. மிச்ச இட்லியைச் சட்னியில் தொட்டுத் தின்றார்.

பூமிகா அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவரை முதலில் பயமுறுத்தியது. வீட்டுக்குள் வந்தால் ஓயாமல் பேசுகிற பெண். மறுநாள் காலண்டர் தாளின் பின்பக்கம் ஏதோ கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் குளிக்கப் போனபோது எடுத்துப் பார்த்தார். ‘அம்மா – இரண்டு எக்ஸ். அப்பா – ஒரே எக்ஸ். மகளுக்கு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. அப்பாவின் எக்ஸில் குறை இல்லை என்றால்?’ கேள்விக்குறியோடு நின்றிருந்தது. பதில் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை, அந்த அளவுக்கு அவருக்கே புரிந்துவிட்டது.

அன்றைக்கு ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தார். உண்மையைச் சொன்னால் வேலை போகும். வேலை மட்டுமா, இருபத்தாறு வருஷம் கம்பெனியை ஏமாற்றியவன் என்று பெயரும் வரும். எபினேசர் முகத்தில் எப்படி விழிப்பது? ரிடையர் ஆக இன்னும் ஆறு வருஷம் இருந்தது. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் என்ன ஆகிவிடும், சின்னப் பெண், நாலு நாளில் மறந்துவிடுவாள். பாவி மனுஷன் இப்படித்தான் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் இறங்கினார்.

பூமிகா மறக்கிற ஜாதி இல்லை. அவள் கண்ணாடி முன்னால் நிற்க ஆரம்பித்தாள். கையில் அப்பாவின் பழைய போட்டோ. மூக்கு? அப்பாவின் மூக்குதான், நுனியில் லேசாக வளைந்தது. ஆனால் அம்மாவுக்கும் அதே மூக்கு. ஒட்டிய காது மடல் அப்பாவுக்கும் உண்டு, அம்மாவுக்கும் உண்டு. கட்டை விரலை விட நீண்ட இரண்டாவது கால்விரல், நெற்றியோரச் சுழி, சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் விழும் குழி, எதை எடுத்தாலும் இரண்டு பேரிடமும் இருந்தது. வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் இது அம்மா, இது அப்பா என்று பிரித்துக் காட்டலாம். மாமனும் அக்கா மகளும் கட்டிக்கொண்ட வீட்டில் எல்லாம் ஒரே அச்சு. அப்பாவே இல்லாமல் அம்மா வழியிலேயே இந்த முகம் வந்திருக்கலாம். அவளைப் பெற்ற அப்பன் யார் என்று சொல்ல அவள் உடம்பில் இருந்த ஒரே சாட்சி அந்தக் கண்தான், அந்தச் சாட்சியைத்தான் அவர் பொய் என்று சொல்லி வைத்திருந்தார்.

ஐந்தாம் நாள் காலையில் அவர் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஜோதி அடுப்படியிலிருந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“மாமா, உன் பொண்ணு இன்னா கேக்கறா தெரியுமா? வாயில சொல்லவே கூசுது. நான் யாருக்கு பொறந்தேன்னு கேக்கறா மாமா.”

ஆதிநாராயணன் செருப்பைத் தேடினார். செருப்பு காலடியிலேயே இருந்தது.

“ஏதோ டாக்டரு சொன்னாங்களாம், எக்ஸுன்றா, கட்டம்ன்றா. எனக்கு ஒரு எழவும் புரியல. நீ சொல்லு அவளாண்ட. நீ சொன்னா கேப்பா.”

அவர் நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“இத பாரு ஜோதி. நான் உன்னாண்ட எதையும் கேக்கல. கேக்கவும் மாட்டேன். எது எப்பிடி இருந்தாலும் அவ என் பொண்ணுதான். நான் மனசுல ஒண்ணும் வெச்சிக்கல. பழச கிளறாத, வுட்டுடு.”

“பழசா?” என்றாள் ஜோதி. “இன்னா பழசு?”

அவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். இதைச் சொல்லும்போது அவருக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது என்றால் நம்புவீர்களா? வந்தது. எத்தனை புருஷன்கள் இப்படிப் பெருந்தன்மையாகப் பேசுவார்கள் என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவருக்குத் தோன்றியது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் போகும்போதுதான் தான் செய்தது என்ன என்று உறைத்து, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். செய்யாத தப்பை மன்னித்துவிட்டு வந்திருக்கிறார். திரும்பிப் போகலாம் என்று நினைத்தார். பக்கத்து ஸ்டேஷனில் ரயில் வந்தது. ஏறிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது வெடித்தது. காலை பத்து மணி இருக்கும். பூமிகா அம்மாவுக்கு எதிரே போய் உட்கார்ந்து, தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

“அம்மா, நான் உன்ன தப்பா பேசல. டி.என்.ஏ. டெஸ்ட்னு ஒண்ணு கீது. எச்சில் குடுத்தா போதும். எடுத்துட்டா எல்லாம் தெரிஞ்சிடும். எனக்கு தெரியணும்மா, என்னால சாப்பிட முடியல.”

ஜோதி எழுந்தாள். சாமி மாடத்தில் அம்மன் படத்துக்கு முன்னால் தட்டு வைத்து, டப்பாவில் இருந்த கற்பூரத்தை அத்தனையும் கொட்டிக் கொளுத்தினாள். தீ குபுகுபுவென்று எழுந்தது.

“ஆத்தா, நீ பாத்துகினு கீற. என் மாமன தவிர இன்னொருத்தன மனசாலயும் நான் நெனச்சதில்ல. பொய் சொன்னா இந்த கை அழுகிப் போவட்டும்.”

வலது உள்ளங்கையை எரிகிற கற்பூரத்தின் மேல் வைத்து அழுத்தினாள். சத்தியம் செய்கிறவர்கள் பட்டென்று தட்டி அணைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவார்கள். அவள் எடுக்கவில்லை. தீ மூச்சடைத்துச் சாகும்வரை அழுத்திக்கொண்டே நின்றாள். பூமிகா வீரிட்டுக்கொண்டு ஓடி அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஆதிநாராயணன் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். முதல் வார்த்தையிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் பார்த்தார். வாயைத் திறந்தார், “ஜோதி” என்று மட்டும் வந்தது. ஓடிப்போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு வந்து அவள் கையில் ஊற்றினார். உள்ளங்கை முழுக்கத் தோல் சுருண்டு பொசுங்கிக் கிடந்தது. சிவந்திருக்கிறதா கறுத்திருக்கிறதா என்றுகூட அந்த மனுஷனுக்குத் தெரியாது.

“அன்னிக்கி மன்னிக்கிறாப்பல பேசினியே மாமா” என்றாள் ஜோதி. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். “எனக்கு அது வேணாம். நான் ஒண்ணும் பண்ணல, நீ மன்னிக்கிறதுக்கு. நீ நம்பு, அது போதும். நம்பறியா?”

“நம்பறேன்.”

“டாக்டரு சொல்லியும் நம்பறியா?”

“நம்பறேன் ஜோதி.”

அவள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அப்போதாவது சொன்னாரா? இல்லை. தன் தோளில் சாய்ந்து அழுகிறவளின் தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் ஆறு நாள். அந்த ஆறு நாளை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. ஜோதி அவரைச் சாமி மாதிரி பார்த்தாள். படித்த டாக்டர் ஒன்று சொல்லியும், பெற்ற பெண்ணே சந்தேகப்பட்டும், தன்னை நம்புகிறேன் என்று ஒரு மனுஷன் சொன்னானே! கத்தரிக்கோல் பிடிக்க முடியாத கையை மடியில் போட்டுக்கொண்டு இடது கையால் அவருக்கு மீன் குழம்பு வைத்தாள். வாசலில் அவர் தலை தெரிந்ததும் எழுந்து வந்து பையை வாங்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவிடம் காரணம் சொல்லாமலே “என் மாமன போல ஒரு ஆளு கெடைக்கமாட்டாங்க” என்றாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆலையில் டெஸ்டரை ஒயரில் வைத்துவிட்டு விளக்கு எரிகிறதா இல்லையா என்று பார்க்க மறந்து நின்றார். எபினேசர் வந்து தோளைத் தொட்டு “உடம்பு சரியில்லியாண்ணே?” என்று கேட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கியபோது கவரைப்பேட்டை பிளாட்பாரத்து பெஞ்சில் பூமிகா உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“உன்னாண்ட தனியா பேசணும்பா. வூட்ல வெச்சு பேச முடியாது.”

அவர் உட்கார்ந்தார். கூட்டம் படியேறி வடிந்தது.

“நான் ஸ்ரீபெரும்புதூர்ல வேல தேடிக்கிறேன். ஹாஸ்டல் தராங்க. இனிமே இங்க வரல” என்றாள் பூமிகா. சொல்லிப் பார்த்துப் பழகிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. “என்ன பாக்கறப்பல்லாம் உனக்கு கஷ்டமா இருக்கும். நீ சொல்லமாட்ட, எனக்கு தெரியும். நீ நம்பறேன்னு சொன்னது அம்மாவுக்காக. ஆனா எனக்கு கட்டம் போட தெரியும்பா. நீ அம்மாவ மட்டும் வுட்டுடாத. அவங்களுக்கு உன்ன தவிர யாருமில்ல. இத்தினி வருஷம் என்ன வளத்ததுக்கு நான் உனக்கு…”

“நிறுத்து” என்றார் ஆதிநாராயணன்.

அவள் நிறுத்தினாள்.

“போன எடு. அந்த புள்ளி படம் கீதா அதுல?”

“எதுக்குப்பா?”

“எடு சொல்றேன். வரிசையா காட்டாத. கலைச்சு கலைச்சு காட்டு.”

அவள் ஒன்றும் புரியாமல் எடுத்தாள். முதல் படம். ஆதிநாராயணன் முதல் தடவையாகத் தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

“எழுவது.”

பூமிகாவின் விரல் அப்படியே நின்றது. கீழே விடையில் இருபத்தொன்பது என்று போட்டிருந்தது. அவளுக்கும் அதில் எழுபதுதான் தெரிந்தது. அடுத்ததைத் தள்ளினாள்.

“ஒண்ணும் தெரியல.”

அவளுக்கும் தெரியவில்லை. இன்னொன்று.

“இருவத்தொண்ணு.”

“எழுபத்தி நாலுப்பா அது” என்றாள் பூமிகா. குரல் உடைந்துவிட்டது. “எனக்கும் இருவத்தொண்ணுதான் தெரியுது.”

பிளாட்பாரத்தில் எத்தனையோ பேர் போனார்கள், வந்தார்கள். அத்தனை பேருக்கும் எழுபத்து நாலாகத் தெரிகிற படத்தில் அந்த பெஞ்சில் இருந்த இரண்டு பேருக்கு மட்டும் இருபத்தொன்று தெரிந்தது. அவள் அவர் மடியில் முகம் புதைத்துக் கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள். அவரும் அழுதார். ஐம்பத்திரண்டு வயசு ஆண்பிள்ளை, சுற்றிலும் ஆட்கள் பார்க்கிறார்கள் என்றுகூட இல்லாமல் அழுதார்.

“எங்கம்மா வழியில வந்ததும்மா இது. எனக்கு வந்தது, எங்கக்காவுக்கும் உள்ள இருந்திருக்கும், அவ வழியா உங்கம்மாவுக்கு. ரெண்டு பக்கமும் எங்க வூட்டு சொத்துதான். நீ என் பொண்ணு. அன்னிக்கி நீ கேட்டப்பவே எனக்கு தெரியும்.”

பூமிகா மெல்ல நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கடைசி வாக்கியம் அப்போதுதான் அவளுக்குள் போனது.

“அன்னிக்கே தெரியுமா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அம்மா கைய சுட்டுகினாங்களே அப்பா” என்றாள் அவள். எழுந்து அவருக்கு முன்னால் நடந்தாள்.

வீட்டில் ஜோதி வாசலில் வந்து பையை வாங்கக் கையை நீட்டினாள், கட்டுப் போட்ட கையைத்தான் பழக்கத்தில் நீட்டிவிட்டாள். ஆதிநாராயணன் பையைக் கொடுக்கவில்லை. அவளை உட்காரச் சொல்லி, தானும் தரையில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னார். கடைசி ஆளாக நின்றதை, மனப்பாடம் செய்ததை, டெஸ்டரை, டேப்பை, வேலை போய்விடும் என்று பயந்ததை. திங்கட்கிழமை கம்பெனியில் தானே போய்ச் சொல்லிவிடப் போவதையும் சொன்னார்.

முதலில் ஜோதியின் முகம் தெளிந்தது. பெண் புருஷனுக்குப் பிறந்தவள்தான் என்று இனி மகளே சொல்வாள், அதை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டாள். “இத்தினி வருஷமா பொடவ ஜோரா கீதுன்னு சொன்னதெல்லாம் சும்மாவா?” என்று கேட்டபோது உதட்டோரத்தில் சிரிப்புகூட வந்தது. அவரும் உயிர் வந்தவராக லேசாகச் சிரித்தார். அப்புறம்தான் அவள் மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தாள்.

“நான் கற்பூரத்த அணைக்கறப்ப நீ எங்க இருந்த?”

“கதவாண்ட.”

“தெரிஞ்சிகினேவா நின்ன?”

“தெரிஞ்சுதான் ஜோதி. வாய் வரல.”

“அப்பறம் வந்திச்சே. நம்பறேன்னு சொல்ல வாய் வந்திச்சே.” அவள் குரலை உயர்த்தவில்லை. “மன்னிக்க வந்திச்சே. பழச கிளறாதன்னு சொல்ல வந்திச்சே. ஒரு வாரமா நான் பண்ணிப் போட்டத தின்னுகினு இருந்தியே, அப்பல்லாம் அந்த வாய் எங்க போச்சு?”

“வேல போயிடும்னு…”

“போவட்டுமே. நான் தச்சு போட்டிருப்பேன். கண்ணு தெரியாதவன்னு உன்ன யாரு வாணாம்னு சொன்னது? சின்ன வயசுலேருந்து உன் கைய புடிச்சிகினு நடந்தவ நான்.”

அவர் அவள் காலைத் தொடப் போனார். அவள் காலை இழுத்துக்கொண்டாள். பூமிகா கதவருகில், அன்றைக்கு அவர் நின்ற அதே இடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

“அவளுக்கு நீ அப்பன்” என்றாள் ஜோதி. “அது தீந்து போச்சு. ரத்தம் சொல்லுது, கண்ணு சொல்லுது, டாக்டரும் சொல்லுவாங்க. எனக்கு நீ யாருன்னு எந்த டாக்டராண்ட போயி நான் கேக்கட்டும்?”

ஆதிநாராயணன் எழுந்து, கொடுக்காமல் வைத்திருந்த பையைத் தானே அடுப்படியில் கொண்டுபோய் வைத்தார்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போய்ச் சொன்னார். ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். எபினேசர் கேட் வரைக்கும் கூட வந்து, “எங்களாண்ட சொல்லியிருந்தா நாங்க பாத்துகினு இருப்போமேண்ணே” என்று மட்டும் சொன்னார். மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு ஆதிநாராயணன் வீட்டுக்கு வந்துவிட்டார். சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தார்.

ஜோதி சோறு வடித்து, குழம்பு கொதிக்க வைத்து இறக்கினாள். தட்டு எடுத்து வைத்தாள், தண்ணீர் வைத்தாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“பூமிகா, சோறு போட்டு வெச்சிட்டேன். உங்கப்பாவ சாப்பிட சொல்லு.”

அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.